தடம் மறையும் இடத்தில் துணைவரும் கருவி

கரடுமுரடான பாதைகளில் மோட்டார் சைக்கிள் பயணம் செல்வோர் ஜி.பி.எஸ். கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இருசக்கர வாகனக் கடன் கேட்டு எம் கிளைக்கு வருவோரிடம் வண்டியின் பயன்பாட்டைப் பற்றி வினவும்போது, லடாக், ஸ்பிட்டி, கட்ச் ரண் என்ற பெயர்கள் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன. வண்டிக்கும் தலைக்கவசத்திற்கும் காப்புச் சட்டைக்கும் கணக்கிட்டுப் பணம் ஒதுக்கும் இவர்கள், வழிகாட்டும் கருவி என்றதும் ‘அதற்குத்தான் கைப்பேசி இருக்கிறதே’ என்று முடித்துவிடுகின்றனர். நாங்களும் ஒரு காலத்தில் அவ்வாறு சொன்னவர்களே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் மாதத்தில், வங்கி அலுவலர்களாகிய நாங்கள் நால்வர் லடாக்கின் சோ கார் ஏரியிலிருந்து சோ மோரிரி ஏரியை நோக்கிப் புறப்பட்டோம். அந்த உயர்ந்த சமவெளியில், முன்சென்ற வண்டிகளின் சக்கரத் தடங்கள் பலவாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொன்றும் சரியான வழியாகவே தோன்றும். நாங்கள் தேர்ந்த தடம் ஒரு மணி நேரத்திற்குப் பின் மணலில் மறைந்தது. எங்களிடம் மூன்று கைப்பேசிகள் இருந்தன. ஒன்றில் வரைபடம் பதிவிறக்கப்படவில்லை. மற்றொன்று குளிரில் அணைந்துபோனது. மூன்றாவதன் மின்னேற்றக் கம்பி வண்டியின் அதிர்வில் எப்போதோ கழன்றிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. எரிபொருளும் கணக்கில்தான் இருந்தது.

எங்களுள் மூத்தவரிடம் இரண்டு சிறு மின்கலங்களில் இயங்கும் பழைய கைக்கருவி ஒன்று இருந்தது. வண்ணத் திரையற்ற அக்கருவியைக் காலையில் நாங்கள் கேலி செய்திருந்தோம். அதில் சாலை வரைபடம் கிடையாது. ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து வந்த வழி முழுவதையும் அது ஒரு கோடாகப் பதிந்து வைத்திருந்தது. அக்கோட்டைப் பற்றிக்கொண்டு திரும்பி, இருட்டிய பின் துக்ஜே கிராமத்தை அடைந்தோம். அந்த மாலையில் கற்றதே இக்கட்டுரையின் அடிப்படை.

கருவி இடத்தை அறியும் முறை

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் செயற்கைக்கோள் தொகுதி. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சுமந்த சமிக்ஞைகளை இடைவிடாது அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், கருவி தன் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுவிடும். இதற்குக் கைப்பேசிக் கோபுரமோ இணையமோ தேவையில்லை. இணையம் தேவைப்படுவது வரைபடத்திற்கு மட்டுமே. லடாக்கில் பிற மாநில முன்கட்டணக் கைப்பேசி இணைப்புகள் இயங்குவதில்லை என்பதை நினைவிற்கொண்டால், வரைபடத்தை முன்கூட்டியே கருவியில் ஏற்றிக்கொள்வதன் தேவை விளங்கும்.

ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இத்தகைய தொகுதிகளே. நம் இஸ்ரோ அமைத்த நாவிக், இந்தியாவையும் எல்லைக்கு அப்பால் சுமார் 1,500 கி.மீ. வரையும் மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டது. குறுகிய பள்ளத்தாக்குகளில் மலைச்சுவர்கள் வானத்தின் பெரும்பகுதியை மறைப்பதால், பல தொகுதிகளின் சமிக்ஞைகளை ஏற்கும் கருவியே மேலானது. இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்தும் கருவிகள், பாறையில் பட்டு எதிரொலித்து வரும் சமிக்ஞையால் நேரும் பிழையை வெகுவாகக் குறைக்கின்றன.

உயரத்தை அளப்பதில் ஜி.பி.எஸ்.ஸின் பிழை, இடத்தைக் காட்டும் பிழையைவிட மிகுதி. ஆயினும் பயணிகளின் கருவிகள் ஒரு புகழ்பெற்ற பிழையைத் திருத்த உதவியுள்ளன. கர்துங் லா கணவாயின் உயரம் 5,602 மீட்டர் என்று அறிவிப்புப் பலகை நெடுங்காலம் பறைசாற்றியது. அங்குச் சென்றோரின் கருவிகளோ சுமார் 5,359 மீட்டர் என்றே காட்டின. பிந்தையதே இன்று ஏற்கப்படும் அளவு.

‘உறுதியான கருவி’ என்றால் என்ன?

விளம்பரங்களில் இச்சொல் தாராளமாகப் புழங்குகிறது. வாங்குவோர் பார்க்க வேண்டியது ஐ.பி. குறியீட்டை. அதன் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது நீரையும் குறிக்கும். ஐ.பி. 67 என்றால் தூசி முற்றிலும் புகாது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்று இருப்பின், நீருக்கான சோதனை முடிவு மட்டுமே குறிப்பிடப்படுகிறது. தூசியைப் பற்றி அக்குறியீடு ஒன்றும் சொல்லவில்லை. கட்ச் உப்புவெளியிலும் ராஜஸ்தான் மணலிலும் செல்ல எண்ணுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மின்னேற்றத் துளையின் மூடி சரியாக அடைபடாவிட்டால் பல கருவிகளில் இப்பாதுகாப்பு நிலைக்காது என்பதையும் மறக்கலாகாது.

அதிர்வு, தூசி மற்றும் நீருக்கு இணையான எதிரி. ஆற்றல் மிக்க மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடியில் நேரடியாகக் கைப்பேசியைப் பொருத்தினால் அதன் கேமரா பழுதடையக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. பயணத்திற்கென உருவான கருவிகள் பெரும்பாலானவற்றில் இத்தகைய நுண்ணிய அசையும் பாகங்கள் இல்லை.

திரையும் கையுறையும்

கடையின் நிழலில் ஒளிரும் திரை, நண்பகல் வெயிலில் கறுத்துத் தெரியலாம். ஆதலால் கருவியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள். பயணத்தில் அணியும் கையுறையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். சாதாரணத் தொடுதிரைகள் தடித்த கையுறைக்கு இணங்குவதில்லை; மழைத்துளி பட்டால் தாமாகவே இயங்கவும் கூடும். பொத்தான்களால் இயங்கும் கருவி பார்வைக்குப் பழையதாயினும், குளிரிலும் மழையிலும் அதுவே நம்பத்தக்கது.

திசைகாட்டி உள்ளே அமைந்துள்ளதா என்றும் கேளுங்கள். அது இல்லாத கருவி, நகரும்போது மட்டுமே திசையைச் சரியாக அறியும். தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி யோசிக்கும்போதுதான் நமக்குத் திசை தேவைப்படுகிறது.

மின்சாரமும் பொருத்தும் முறையும்

பல கைப்பேசிகள் 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இயங்கவே உருவாக்கப்பட்டவை. உயர்மலையின் விடியற்காலை அதற்கும் கீழே இறங்கிவிடும். மைனஸ் 20 பாகை வரை இயங்கும் என்று குறிப்பிட்ட கருவிகள் கிடைக்கின்றன. மாற்றக்கூடிய மின்கலம் கொண்ட கருவி பெரும் ஆறுதல். சாதாரண ஆல்கலைன் கலங்கள் குளிரில் சோர்ந்துவிடும். லித்தியம் வகைக் கலங்கள் தாக்குப்பிடிக்கும்.

வண்டியிலிருந்து மின்சாரம் எடுப்பதாயின், 12 வோல்ட்டைக் கருவிக்கு ஏற்றவாறு குறைக்கும் மாற்றியும் தனி ஃபியூஸும் அவசியம். சாவியை அணைத்ததும் இணைப்பும் துண்டிக்கப்படும்படி அமைத்தால், இரவில் வண்டியின் பேட்டரி வற்றாது. தாங்கி உலோகத்தால் ஆனதாக இருத்தல் நலம். அத்துடன் ஒரு சிறு கயிற்றால் கருவியைக் கைப்பிடியுடன் கட்டிவையுங்கள். தாங்கியிலிருந்து கழன்று விழுந்த கருவியைத் தேடி இருபது கி.மீ. பின்னே செல்லும் அனுபவம் ஒருமுறை போதும்.

வரைபடமும் ஆயத்தொலைவும்

சாலைப் பயணத்திற்கான கருவி, திருப்பங்களைக் குரலில் சொல்லும். தடமற்ற வெளியில் இதனால் பயனில்லை. அங்குத் தேவைப்படுபவை மூன்று: உயரக்கோடுகள் கொண்ட நிலவரைபடம், வந்த வழியைப் பதியும் வசதி, ஜி.பி.எக்ஸ். வடிவிலான கோப்புகளை ஏற்கும் திறன். முன்பு சென்றவர்களின் தடத்தை அக்கோப்பாகப் பெற்று ஏற்றிக்கொள்ளலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடங்களைக் கட்டணமின்றி ஏற்றக்கூடிய கருவியாக இருந்தால் ஆண்டுச் சந்தா மிச்சமாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எழுத ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. நண்பர் ஒருவர் ‘33 பாகை 30 கலை’ என்று சொல்ல, நாம் அதை 33.30 என்று பதிந்தால், கருவி நம்மைச் சுமார் 22 கி.மீ. தள்ளி அழைத்துச் செல்லும். ஏனெனில் 30 கலை என்பது அரைப் பாகை. சரியான பதிவு 33.50. வங்கியில் தசமப்புள்ளி இடம் மாறினால் மறுநாள் திருத்திவிடலாம். மலையில் அந்த வாய்ப்பு இல்லை.

சட்டம் கட்டுப்படுத்தும் கருவிகள்

செயற்கைக்கோள் வழியே செய்தியும் ஆபத்துக்கால அழைப்பும் அனுப்பும் கருவிகள் வெளிநாடுகளில் பரவலாக விற்கப்படுகின்றன. ஜி.பி.எஸ். கருவி சமிக்ஞையைப் பெறுவது மட்டுமே. இவையோ அனுப்பவும் செய்கின்றன. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். விமான நிலையங்களில் இத்தகைய கருவியுடன் வந்த பயணிகள் தடுத்து வைக்கப்பட்டதுண்டு. வெளிநாட்டு உறவினர் அன்போடு வாங்கித் தரும் கருவியில் இவ்வசதி உள்ளதா என்று முதலில் பாருங்கள். எல்லைப் பகுதிகளில் அனுமதிச் சீட்டு தேவைப்படும் இடங்களையும் முன்னரே அறிந்துகொள்ளுங்கள். கருவி வழியைக் காட்டும், அனுமதியைத் தராது.

செலவுக் கணக்கு

கருவியின் விலையுடன் தாங்கி, மின்மாற்றி, நினைவட்டை, வரைபடச் சந்தா ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டு இணையத்தளத்தில் விலை குறைவாகத் தோன்றினாலும், சுங்க வரியும் அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்ந்த பின் அந்த வேறுபாடு கரைந்துவிடலாம். இந்தியாவில் உத்தரவாதச் சேவை கிடைக்காமலும் போகலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் வழங்கப்படும் புதிய அட்டைகள் தொடக்கத்தில் உள்நாட்டில் ஏ.டி.எம்.களிலும் கடைகளிலும் மட்டுமே செயல்படும். இணையவழி மற்றும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியைத் தேவைக்கேற்ப இயக்கி, முடிந்ததும் நிறுத்திவைப்பதே பாதுகாப்பு. ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் செயலாக்கக் கட்டணத்தையும் அதன்மீதான ஜி.எஸ்.டி.யையும், இழக்கும் ரொக்கத் தள்ளுபடியையும் கேட்டறியுங்கள்.

வண்டியில் நிலையாகப் பொருத்தும் மின்னணுச் சாதனங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்தியிருந்தால்தான் இழப்பீடு கோர முடியும். அமைப்பு சார்ந்த பந்தயங்களுக்கும் வேகச் சோதனைகளுக்கும் வழக்கமான வாகனக் காப்பீடு பொருந்தாது.

ஆண்டுக்கு ஒருமுறை, சாலை விட்டிறங்காமல் செல்வோருக்குப் புதிய கருவி தேவையில்லை. வரைபடம் பதிவிறக்கிய கைப்பேசியும் ஒரு மின்சேமிப்பியும் போதும். தடமற்ற வெளிக்கு ஓரிரு முறை செல்வோருக்குக் கலம் மாற்றக்கூடிய எளிய கைக்கருவி போதுமானது. அடிக்கடி செல்வோர் மட்டும் பெரிய திரை கொண்ட, வண்டியில் பொருத்தும் கருவிக்குப் பணம் ஒதுக்கலாம்.

எதை வாங்கினாலும், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மண்சாலைகளில் தடத்தைப் பதிந்து, அதே தடத்தில் திரும்பி வந்து பழகுங்கள். குழுவில் இருவருக்காவது கருவியை இயக்கத் தெரிந்திருக்கட்டும். எங்கள் மூத்த நண்பர் அன்று காலை செய்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டியைக் கிளப்பும் முன் பதிவைத் தொடங்கும் பொத்தானை அழுத்தினார். இப்போது நாங்கள் நால்வரும் அதைத் தவறுவதில்லை.