படித்த ஆண்டுகளும் கற்ற கல்வியும்

பத்தாம் வகுப்புத் தேறிய இருவர் பெங்களூருவில் வேலை தேடுவதாகக் கொள்வோம். ஒருவர் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, கையேட்டைத் தாமே படித்து இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்கிறார். அவரது ஊதியம் உயர்கிறது. மற்றவருக்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்பவே பிறர் உதவி வேண்டியிருக்கிறது. சான்றிதழின்படி இருவரும் பத்தாண்டு படித்தவர்களே.

பள்ளிகளைக் கட்டுவதால் பயனில்லை என்பது இதன் பொருளன்று. இந்தோனேசிய அரசு 1973 முதல் 1978 வரை 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. அவை மிகுதியாக எழுந்த பகுதிகளில் வளர்ந்த சிறுவர்கள் பிற்காலத்தில் கூடுதல் ஊதியம் பெற்றனர் என்பதைப் பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோ 2001-இல் எடுத்துக்காட்டினார். ஆயினும், பள்ளிக்குச் செல்லும் எல்லோரும் கற்றுவிடுவதில்லை. இந்தியச் சிற்றூர்களில் 2018-இல் நடந்த அசர் கணக்கெடுப்பில், ஐந்தாம் வகுப்பு மாணவருள் ஏறக்குறையப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயலவில்லை.

பெங்களூருப் பெற்றோர் இதனை அறியாதவரல்லர். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்வோர்கூடத் தம் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கிப் பிள்ளைகளை ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளில் சேர்க்கின்றனர். அவர்களது நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. 2005-ஆம் ஆண்டின் இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் ஆண்கள் அம்மொழி அறியாதவரினும் சராசரியாக 34 விழுக்காடு கூடுதல் மணிக்கூலி பெறுவதைக் கண்டனர். சிறிதளவே பேசுவோர்க்கு இது 13 விழுக்காடு. வயது, கல்வி, சமூகப் பின்னணி ஆகியவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு இருந்தது. ஆனால், குறைவாகப் படித்த இளைஞர்க்கு இப்பயன் குறைவாகவே கிட்டியது. ஆங்கிலத்திற்கு உரிய ஊதியம், மற்றக் கல்வியும் உடன்சேரும்போதுதான் கிடைக்கிறது.

ஆகவே, பெயர்ப்பலகையில் 'ஆங்கிலவழி' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. வீட்டில் தமிழோ கன்னடமோ உருதுவோ பேசும் குழந்தை, பொருள் விளங்காத வரிகளைக் கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதி மனப்பாடம் செய்தால், ஆங்கிலமும் வாராது, கணக்கும் வாராது. கட்டணம் மட்டும் தவணை தவறாமல் செல்லும்!

பெற்றோர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பாடநூலில் இல்லாத நான்கு வரிகளைக் குழந்தையிடம் தந்து படிக்கச் செய்து, அவற்றின் பொருளை வீட்டு மொழியில் கேட்கலாம். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிடினும், குழந்தை திணறுவது தெரிந்துவிடும்.