சுட்டுப்போன சீராக்கியும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்

டென்மார்க்கில் கறிவேப்பிலைச் செடி வளர்ப்பது கொஞ்சம் வீம்பான காரியம். டிசம்பரில் கோபன்ஹேகனில் பகல் என்பதே ஏழு மணி நேரம்தான். ஹெர்னிங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தந்த கன்று எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் மூன்று வருடமாக உயிரோடு இருக்கிறது. அதற்கு மேலே தொங்கும் எல்.ஈ.டி. விளக்கு ஒரு காரணம். தண்ணீர் விடும் சின்னப் பம்பும், மண்ணின் ஈரத்தைப் பார்த்து அந்தப் பம்பை இயக்கும் 'அர்டுயினோ ஊனோ' போர்டும் மற்ற காரணங்கள். நான் மென்பொருள் ஆசாமி. எலக்ட்ரானிக்ஸ் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு.

மூன்று வாரம் சென்னைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அந்த போர்டு செத்துப் போனது. "என்னங்க, விளக்கும் எரியல, பம்பும் ஓடல, ஏதோ கருகின வாசனை வேற வருது" என்றாள் மனைவி. முந்தைய நாள் ஜன்னலோரத்தைத் துடைக்க எல்லா ஒயர்களையும் கழற்றி மாட்டியது நான்தான். ஆனால் அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

போர்டை எடுத்துப் பார்த்தேன். மின்செருகிக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புச் சில்லின் தலையில் சின்னதாக ஒரு கொப்பளம். அதுதான் மின்னழுத்தச் சீராக்கி. ஊனோவில் பெரும்பாலும் என்.சி.பி.1117 என்ற வகை இருக்கும். போர்டுக்குள் 12 வோல்ட் வந்தாலும் நுண்கட்டுப்படுத்திக்குத் தேவை 5 வோல்ட்தான். மிச்சமுள்ள 7 வோல்ட்டை என்ன செய்வது? இந்த வகைச் சீராக்கி அதை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். கணக்கு எளிது: கழிக்கப்படும் வோல்ட்டையும் ஓடும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். போர்டும் ரிலேயும் சேர்ந்து 0.12 ஆம்பியர் எடுத்தால் 0.84 வாட். நகக்கண் அளவுள்ள சில்லுக்கு அது தொட்டால் சுடும் சூடு.

எனவே என் முதல் தீர்ப்பு, 'சூட்டில் செத்தது' என்பது. அது தவறு என்று தெரிய அரை மணி நேரம் ஆயிற்று. இந்தச் சீராக்கிக்குள் வெப்பக் காப்பு இருக்கிறது. சூடு எல்லை தாண்டினால் தானே நிறுத்திக்கொண்டு, ஆறியபின் மறுபடி வேலை செய்யும். என்னுடையது நன்றாக ஆறியும் எழுந்திருக்கவில்லை. காரணம் வேறு.

ஊகத்தை விட்டுவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். 1820-இல் இதே கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் அர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். முள் வைத்த மின்னளவிகள் எல்லாம் அந்த முள்ளின் வாரிசுகள். அளவிகளின் பூர்வீக ஊரில் உட்கார்ந்துகொண்டு அளக்காமல் தீர்ப்புச் சொன்னது எனக்கே வெட்கமாக இருந்தது.

மின்சாரம் வரும் வழியிலேயே நடந்து போவதுதான் முறை. முதலில் அடாப்டர். போர்டிலிருந்து கழற்றி அதை மட்டும் அளந்தேன். 12 இருக்க வேண்டிய இடத்தில் 24.1 வோல்ட்! போர்டில் செருகியிருந்தது எல்.ஈ.டி. விளக்கின் அடாப்டர். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் ஒரே அளவுச் செருகி. துடைத்தபின் நான் மாற்றி மாட்டிவிட்டேன். 24 வோல்ட் விளக்குக்கு 12 போனதால்தான் அதுவும் எரியவில்லை. துப்பு முதலிலிருந்தே கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

ஊனோவுக்குப் பரிந்துரைக்கப்படுவது 7 முதல் 12 வோல்ட். 20 வோல்ட் என்பது உச்ச வரம்பு. மலிவான நகல் போர்டுகளில் பெரும்பாலும் ஏ.எம்.எஸ்.1117 இருக்கும். அதன் உச்ச வரம்பு 15 வோல்ட்தான். வெப்பத்துக்குக் காப்பு உண்டு. வரம்பு மீறிய மின்னழுத்தம் சில்லின் உள்ளமைப்பையே உடைத்துவிடும், அதற்கு மறுபிறவி கிடையாது.

அடுத்த கேள்விதான் முக்கியமானது: சீராக்கி மட்டும் போனதா, எல்லாமே போனதா? சீராக்கி உள்ளுக்குள் குறுக்கிணைந்து 24 வோல்ட்டை அப்படியே அனுப்பியிருந்தால் கதை முடிந்தது. ஊனோவின் மூளையான ஏ.டி.மெகா328பி சில்லு தாங்கும் உச்சம் 6 வோல்ட்.

நீங்களும் இந்த நிலைக்கு வந்தால், எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, மீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, 5 வோல்ட் முனைக்கும் தரை முனைக்கும் இடையே பாருங்கள். பீப் என்று கத்தினால் உள்ளே குறுக்கிணைப்பு. எதையும் செருக வேண்டாம். கத்தாவிட்டால் சீராக்கியின் உள்வரும் காலுக்கும் வெளிச்செல்லும் காலுக்கும் இடையே அதேபோலப் பாருங்கள். எனக்கு இரண்டிலும் பீப் இல்லை. சரியான 12 வோல்ட் அடாப்டரை மாட்டினேன். சீராக்கியின் வாசலில் 11.3 வோல்ட் (வழியிலுள்ள டயோடு 0.7 எடுத்துக்கொள்ளும்), 5 வோல்ட் முனையில் பூஜ்யம். வாசல் வரை வந்த மின்சாரம் உள்ளே போகவில்லை. குற்றவாளி உறுதி.

இங்கே ஒரு நல்ல செய்தி. யூ.எஸ்.பி. வழியாக வரும் 5 வோல்ட் சீராக்கியைத் தொடுவதே இல்லை. தனிக் ஃபியூஸ் வழியாக நேரே போய்விடும். முதல் சோதனைக்குக் கணினியைப் பணயம் வைக்காமல் பழைய போன் சார்ஜர் ஒன்றில் செருகினேன். 13-ஆம் முனையின் விளக்கு கண் சிமிட்டியது. மூளை பிழைத்திருந்தது. பம்புக்குத் தனி மின்சாரம் என்பதால் அதற்கும் சேதமில்லை. அந்தச் சார்ஜரிலேயே போர்டை ஓட விட்டுச் சென்னைக்குக் கிளம்பினோம்.

திரும்பி வந்தபின் வெப்பக் காற்று ஊதியால் பழைய சீராக்கியைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தேன். சில குரோனர்கள்தான் செலவு. பக்கத்திலிருந்த மின்தேக்கியையும் மாற்றினேன். 25 வோல்ட் வரை மட்டும் தாங்கும் அது, விளிம்பில் நின்று அடி வாங்கியிருந்தது. உண்மையில் இந்த வேலைக்கு யூ.எஸ்.பி. சார்ஜரே போதும் என்பதால் போர்டு இன்னும் அதில்தான் ஓடுகிறது.

செருகி பொருந்துகிறது என்பதால் மின்னழுத்தமும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. இப்போது எங்கள் வீட்டு 24 வோல்ட் செருகியின் கழுத்தில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு ஒரு வளையமாக இருக்கிறது. செடியில் இரண்டு புதுக் கொழுந்து. போன வாரம் ரசத்தில் அதன் வாசனை இருந்தது.