வலையமைப்பு வட்டுகளுக்கான சாதனக் கோப்புகள்

சாதனக் கோப்பு என்பது லினக்ஸ், யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் வன்பொருளுக்கான வாயிலாக அமையும் சிறப்புக் கோப்பு ஆகும். இதில் பயனரின் தரவு சேமிக்கப்படுவதில்லை. கருனியின் எந்த இயக்கி எந்தச் சாதனத்தைக் கையாள வேண்டும் என்பதையே இது குறிக்கிறது. வலையமைப்பின் மறுமுனையில் உள்ள வட்டையும் இத்தகைய கோப்பின் வழியாக உள்ளூர் வட்டைப் போலப் பயன்படுத்தலாம்.

தேவை

சில தரவுகளை மீண்டும் பெற இயலாது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வு இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியாலும் பதிவு செய்யப்பட்டது. அக்கோளின் வளையங்கள் அந்நிகழ்வின்போதுதான் கண்டறியப்பட்டன. இத்தகைய ஓர் இரவின் பதிவு அழிந்தால் அதை மறுபடி எடுக்க வழியில்லை. எனவே தரவு எந்த வட்டில் எழுதப்படுகிறது என்பது ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும்.

இரு வகைகள்

என்எப்எஸ், எஸ்எம்பி ஆகிய நெறிமுறைகள் கோப்புகளைப் பகிர்கின்றன. இவற்றுக்குச் சாதனக் கோப்பு தேவையில்லை. பகிரப்பட்ட அடைவை ஏற்றினால் போதும். ஐஸ்கசி, ஏடிஏ ஓவர் ஈதர்நெட், என்பிடி ஆகியவை வட்டின் தொகுதிகளையே பகிர்கின்றன. இவற்றுக்குத் தொகுதி வகைச் சாதனக் கோப்பு தேவை.

உருவாக்கம்

சாதனக் கோப்புகள் வழக்கமாக 'டெவ்' அடைவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதன்மை எண் இயக்கியைக் குறிக்கும்; துணை எண் குறிப்பிட்ட வட்டையோ அதன் பகிர்வையோ குறிக்கும். லினக்ஸில் ஸ்கசி வட்டுகளின் முதன்மை எண் 8. முதல் வட்டான எஸ்டிஏ-வின் துணை எண் 0, அடுத்ததான எஸ்டிபி-யின் துணை எண் 16. இடைப்பட்ட 15 எண்கள் முதல் வட்டின் பகிர்வுகளுக்கு உரியவை. என்பிடி-யின் முதன்மை எண் 43.

முன்பு நிர்வாகி 'எம்கேநாட்' கட்டளையில் கோப்பின் பெயர், வகை, இரு எண்கள் ஆகியவற்றைத் தந்து இவற்றை உருவாக்குவார். கோப்பு உருவானால் மட்டும் வட்டு கிடைத்துவிடாது. உரிய இயக்கி ஏற்றப்பட்டு, சேவையகத்துடன் இணைப்பும் இருக்க வேண்டும். இன்று கருனி வட்டைக் கண்டறிந்தவுடன் டெவ்டிஎம்பிஎப்எஸ் கோப்பை உருவாக்குகிறது. யுடெவ் அதற்கு அனுமதிகளையும் மாற்றுப் பெயர்களையும் அமைக்கிறது.

பெயர் மாறும் சிக்கல்

ஐஸ்கசி வட்டுகளுக்கும் உள்ளூர் வட்டுகளைப் போலவே எஸ்டிஏ, எஸ்டிபி என்று கண்டறியப்படும் வரிசையில் பெயர் அமைகிறது. வலையமைப்பு தாமதமானால் மறுதொடக்கத்திற்குப் பின் வரிசை மாறலாம். நேற்று எஸ்டிபி-யாக இருந்த வட்டு இன்று எஸ்டிசி ஆகலாம். பழைய பெயரை நம்பி வட்டை வடிவமைத்தால் வேறொரு வட்டின் தரவு அழியும்.

இதைத் தவிர்க்க, 'டெவ்' அடைவின் 'டிஸ்க்' பகுதியில் யுடெவ் அமைக்கும் நிலையான பெயர்களைப் பயன்படுத்த வேண்டும். இவை வட்டின் அடையாள எண், இணைப்பு வழி, கோப்பு முறைமையின் யுயுஐடி ஆகியவற்றின் அடிப்படையில் அமைபவை. ஏடிஏ ஓவர் ஈதர்நெட்டில் அடுக்கு எண், இட எண் ஆகியவற்றைக் கொண்டே பெயர் அமைவதால் கண்டறியும் வரிசை அதைப் பாதிப்பதில்லை.

சாதனக் கோப்பு உள்ளூர் வட்டைப் போலத் தோன்றினாலும், அதே வட்டு வேறு கணினியிலும் இணைக்கப்பட்டிருக்கலாம். இஎக்ஸ்டி4 போன்ற சாதாரணக் கோப்பு முறைமையை ஒரே நேரத்தில் இரு கணினிகளில் ஏற்றி எழுதினால் அது சிதைந்துவிடும்.