நிற்கிற காரிலும் மின்சாரம் ஓடும்

ஓடாத காருக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டயர் தேயாது, பெட்ரோல் தீராது. ஆனால் சில வாரம் வீட்டு வாசலிலேயே நின்ற காரின் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வரும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு நம் தாமான்களில் இந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் நிறைய பேர். உடனே பேட்டரிக் கடைக்குப் போன் செய்வோம், புதிய பேட்டரி மாட்டுவார்கள். அந்தப் புதிய பேட்டரியும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால்? அப்போது கேள்வியே மாறிவிடுகிறது. கெட்டது பேட்டரியா, அல்லது பேட்டரியிலிருந்து எதுவோ மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறதா?

சாவியை எடுத்துவிட்டால் காரில் மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை. கடிகாரம் ஓட வேண்டும். ரிமோட் பொத்தானை நீங்கள் எப்போது அழுத்துவீர்கள் என்று கதவுப் பூட்டின் அலைவாங்கி காத்திருக்க வேண்டும். திருட்டு எச்சரிக்கைக் கருவி விழித்திருக்க வேண்டும். இவை எல்லாம் பேட்டரியோடு பக்க இணைப்பில் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து வழக்கமாக 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை எடுக்கும். நிற்கிற காரில் இப்படிக் கசியும் மின்சாரத்தை 'ஒட்டுண்ணி மின்னிழப்பு' என்பார்கள். பெயர் கொஞ்சம் கடுமைதான். இந்த 20, 50 மில்லியாம்பியரை நான் உண்ணி என்று சொல்ல மாட்டேன், காவலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் என்றே சொல்வேன். உண்ணி என்பது அதற்கு மேல் போகிற பங்கு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மின்னூட்டம் என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கக் கிடைப்பது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். 30 மில்லியாம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி செலவாகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ ஒரே நொடியில் 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பாதி காலியான பேட்டரி அதைக் கொடுக்கத் திணறும். பாதி என்பது 17.5 ஆம்பியர்-மணி. அதை 0.72ஆல் வகுத்தால் சுமார் 24 நாள். ஆக, எந்தப் பழுதும் இல்லாத காரே ஒரு மாதம் நின்றால் கிளம்பாமல் போகலாம். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தே நாளில் கிளம்பாமல் போனால் எங்கோ உண்ணி இருக்கிறது.

என் படிவம் 5 மாணவி ஒருவரின் தாத்தா வீட்டில் நடந்தது இதுதான். தாத்தா ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தைக்கு மட்டும் காரை எடுப்பார். மற்ற நாள்களில் அது வாசலில் நிற்கும். பாட்டிக்கு ஆஸ்துமா. நடு இரவில் மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றுதான் அந்தக் காரையே விற்காமல் வைத்திருந்தார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் கார் கிளம்பாது. ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது, ஒவ்வொன்றும் 200 வெள்ளிக்கு மேல்.

மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே கணக்குப் போடச் சொன்னேன். ஞாயிறு முதல் வெள்ளி வரை 120 மணி நேரம். 17.5ஐ 120ஆல் வகுத்தால் 0.146. அதாவது ஏறக்குறைய 150 மில்லியாம்பியர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இயல்பைப் போல ஐந்து மடங்கு. எதைத் தேடுகிறோம் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. பிறகு மாணவியின் அப்பாவும் நாங்களும் பள்ளி மல்டிமீட்டரோடு தாத்தா வீட்டுக்குப் போனோம்.

முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஈய-அமில பேட்டரிக்குள் ஆறு கலங்கள் தொடராக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அதனால் முழுதாக மின்னேற்றி, சில மணி நேரம் ஓய்வாக விட்ட பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். தாத்தாவின் பேட்டரி 11.9 காட்டியது. மின்னேற்றியை மாட்டி முழுதாக ஏற்றினோம். பிறகு காரின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் அப்படியே விட்டோம். அப்போதும் 12.6 வோல்ட் மாறவில்லை. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிட்டது. காரோடு இணைக்காதபோது பேட்டரி தாங்குகிறது, இணைத்தால் வடிகிறது. இதைப் பேட்டரிக் கடையில் செய்து பார்த்திருந்தால் இரண்டாவது பேட்டரிக்குச் செலவே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்தது மின்னோட்டத்தை அளப்பது. அம்மீட்டரைத் தொடராகத்தான் இணைக்க வேண்டும். கழற்றிய எதிர்முனைக் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வருகிறது. சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருக வேண்டும், மில்லியாம்பியர் துளையில் அல்ல. மீட்டர் அப்படி இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் மீட்டருக்குள் பாய்ந்தால் மீட்டர் வீணாகிவிடும். இதைச் செய்ய விரும்புகிறவர்கள் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். ஹைப்ரிட் கார், மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கம்பிகளின் பக்கமே போகாதீர்கள்.

இணைத்ததும் மீட்டர் 2.4 ஆம்பியர் காட்டியது. மாணவி துள்ளிவிட்டார், உண்ணி கிடைத்துவிட்டது என்று! இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேட்டரியை மீண்டும் இணைத்தாலோ, கதவைத் திறந்தாலோ, காரின் சிறு கணினிகள் விழித்துக்கொள்கின்றன. நாம் அளக்க வந்ததே அவற்றை எழுப்பிவிட்டது. அவை மறுபடி தூங்க 20, 30 நிமிடம், சில கார்களில் ஒரு மணி நேரம்கூட ஆகும். கதவு திறந்திருந்தால் தூங்கவும் மாட்டா. ஃபியூஸ் பெட்டி காருக்குள் இருந்ததால் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தோம். அதன் பூட்டு நாக்கைத் திருப்புளியால் தள்ளி மூடியதும், கதவு சாத்திவிட்டதாகக் கார் நம்பிவிட்டது. சாவியைத் தூரத்தில் வைத்தோம். பாட்டி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். 2.4 என்பது 0.9 ஆனது, பிறகு 0.4. நாற்பதாவது நிமிடத்தில் 0.20இல் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. நம் மதிப்பீட்டுக்கு மோசமில்லை.

சரி, இந்த 0.20 ஆம்பியர் எந்தக் கிளையில் ஓடுகிறது? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எப்போது மீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது பழைய முறை. பழைய கார்களுக்கு அது போதும். புதிய கார்களில் ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினால் தூங்கிய கணினி மீண்டும் விழித்து, கணக்கு முழுவதும் குழம்பிவிடும். எதையும் பிடுங்காமலே கண்டுபிடிக்க ஓம் விதி உதவுகிறது.

ஃபியூஸ் என்பது ஒரு மெல்லிய உலோகத் துண்டு. அதற்கும் சிறிதளவு மின்தடை உண்டு. 10 ஆம்பியர் சிறுவகை ஃபியூஸில் அது சுமார் 7.5 மில்லி ஓம். மின்னோட்டம் ஓடினால் அதன் இரு முனைக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தே தீரும். ஓடாவிட்டால் சுழி. ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரின் முனைகளை அவற்றின்மேல் வைக்கத்தான் அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். இரண்டாவது மீட்டரை மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றி வரிசையாகத் தொட்டுப் பார்த்தோம். 0.0, 0.0, 0.1, 0.0... ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸில் 1.3 மில்லிவோல்ட். அதை 7.5 மில்லி ஓமால் வகுத்தால் 0.17 ஆம்பியர். மொத்தம் 0.20இல் இதைக் கழித்தால் மிச்சம் 0.03, காவலாளியின் சம்பளம்.

அந்த ஃபியூஸ் வானொலிக்குப் போகிறது. முந்தைய ஆண்டு தாத்தா பெரிய திரை வைத்த புதிய வானொலி ஒன்றைக் கடையில் மாட்டியிருந்தார். இவ்வகை வானொலிகளில் பொதுவாக மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் பெறும், நினைவகத்துக்காக. சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் பெற வேண்டும். மாட்டியவர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார். திரை இருட்டாகத்தான் இருந்தது, உள்ளே இருந்த கணினியோ இரவும் பகலும் விழித்திருந்தது. மெக்கானிக் சிவப்புக் கம்பியைச் சரியான இடத்தில் இணைத்துக் கொடுத்தார். மீண்டும் காத்திருந்து அளந்தபோது 0.03 ஆம்பியர்.

தாத்தா மாற்றிய பேட்டரிகள் கெட்டதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கும். ஈய-அமில பேட்டரி காலியாகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் கரைந்துவிடும். காலியாகவே கிடந்தால் படிகங்கள் கெட்டிப்பட்டு, பிறகு எளிதில் கரையா. இதோடு, எதிலும் இணைக்காத பேட்டரிகூடத் தானாகவே மெல்ல வடியும். வெப்பம் கூடக் கூட வேகமாக வடியும். நம் ஊர் வெயில் இதற்கு நல்ல துணை.

வாரம் ஒருமுறை வாசலிலேயே 10 நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். பேட்டரிக்கு 10 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்தில் 1.7 ஆம்பியர்-மணி. பழுதில்லாத கார் ஒரு வாரத்தில் இழப்பதோ 5 ஆம்பியர்-மணி. அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுவது நல்லது, அல்லது மின்னேற்றியை மாட்டிவிடலாம்.

மீட்டர் இல்லாமலே இன்று மாலை நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. காரின் பின்பெட்டி மூடியபின் உள்ளே விளக்கு அணைகிறதா என்று யாருக்கும் தெரியாது. கைப்பேசியில் காணொளிப் பதிவைத் தொடங்கி உள்ளே வைத்து, மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். படத்தில் வெளிச்சம் அணையாமல் இருந்தால், அது 12 வோல்ட்டில் எரியும் 5 வாட் விளக்கு என்று வைத்துக்கொண்டு, 35 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை மணி நேரத்தில் பாதியாகும் என்று கணக்கிடுங்கள். இரண்டு நாள்கூட வராது.