ரஞ்சி டிராபி தெரியும்... அந்த 'ரஞ்சி' யாருன்னு தெரியுமா?

2024 பிப்ரவரி. கோவை ஸ்ரீ ராமகிருஷ்ணா கலை அறிவியல் கல்லூரி மைதானத்தில் ரஞ்சி டிராபி காலிறுதி. கணபதியிலிருந்து பைக்கில் எட்டிவிடும் தூரம்தான். எதிரே நடப்பு சாம்பியன் சௌராஷ்டிரா. கேப்டன் சாய் கிஷோர் 9 விக்கெட் எடுக்க, மூன்றே நாளில் இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வித்தியாசத்தில் தமிழ்நாடு ஜெயித்தது.

அன்று தோற்ற சௌராஷ்டிராதான் ரஞ்சியின் சொந்த ஊர்ப்பக்கம். கோப்பைக்குப் பெயர் தந்தவர் ஒரு மகாராஜா. இன்றைய குஜராத்தின் ஜாம்நகரைத் தலைநகராகக் கொண்ட நவாநகர் சமஸ்தானத்தை ஆண்டவர். முழுப்பெயர் ரஞ்சித்சிங்ஜி. ஆனால், அவர் டெஸ்ட் ஆடியதெல்லாம் இங்கிலாந்துக்கு!

1872-ல் பிறந்தவர். சிறுவயதில் அரச வாரிசாகப் பேசப்பட்டு, பிறகு மன்னருக்கு ஆண் குழந்தை பிறந்ததும் ஓரங்கட்டப்பட்டார். படிக்கப் போன கேம்பிரிட்ஜில் கிரிக்கெட் பிடித்துக்கொண்டது. 1896-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான லார்ட்ஸ் டெஸ்ட்டில் அவரைச் சேர்க்கவில்லை. அடுத்த டெஸ்ட்டில், மான்செஸ்டரில், இடம் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் 62, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 154. காலை நோக்கி வரும் பந்தை மணிக்கட்டைத் திருப்பி லெக் பக்கம் தட்டிவிடும் 'லெக் கிளான்ஸ்' ஷாட்டைப் பிரபலமாக்கியவர் இவர்தான். மொத்தம் 15 டெஸ்ட், 989 ரன். 1899-ல் ஒரே சீசனில் 3,000 ரன்னைத் தாண்டிய முதல் ஆள்.

பேட்டை வைத்துவிட்டு அரியணைக்கு

1907-ல் அந்த அரியணை கடைசியில் அவரிடமே வந்தது. வந்தது கூடவே கடனும் வறட்சியும். மழையை நம்பிய வறண்ட பூமி அது. பல்லடம், காங்கயம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், ராஜாவான மறுவருஷமே அவர் சசெக்ஸ் அணிக்கு ஆட இங்கிலாந்து கிளம்பிவிட்டார். இது கொஞ்சம் ஓவர்தான்.

வேலை சூடுபிடித்தது பிறகுதான். ஜாம்நகரின் நெரிசலான பகுதிகளை இடித்து அகலமான சாலைகள் போட்டார். ரயில் பாதையை நீட்டினார். முக்கியமான காரியம் பேடி துறைமுகம். பம்பாயை நம்பாமல் நேரடியாகச் சரக்கு இறக்கினால், சுங்க வருமானம் சமஸ்தானத்துக்கே வரும். அந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்தது. எவ்வளவு நன்றாக என்றால், 1927-ல் ஆங்கிலேய அரசு விரம்காம் சுங்க எல்லையைத் திரும்பக் கொண்டுவந்து, கத்தியவார் துறைமுகங்கள் வழியாக உள்ளே வரும் சரக்குக்கு வரி போட்டது. இங்கிலாந்துக்காக ரன் குவித்தவரே அந்த அரசோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. சூரியன் போகும் திசைக்கெல்லாம் சுழலும் ஒரு சிகிச்சைக் கட்டடமும் அவர் காலத்தில் ஜாம்நகரில் எழுந்தது. ஆடம்பரம்தான், ஆனால் ஐடியா புதுசு.

இந்திய கிரிக்கெட்டுக்கு?

இங்கேதான் சிக்கல். ஊருக்கு ரோடு போட்டவர், இந்திய கிரிக்கெட்டைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் அவர் இல்லை. அதற்குக் கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். சகோதரர் மகன் துலீப்சிங்ஜி டெஸ்ட் ஆடியதும் 1929-ல் இங்கிலாந்துக்கே. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932-ல் ரஞ்சிக்கு 59 வயது. நியாயமாகப் பார்த்தால், அவர் ஆடிய காலத்தில் இந்தியாவுக்கென்று டெஸ்ட் அணியே கிடையாது. ஆனால், துலீப் விஷயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது.

1933 ஏப்ரல் 2-ல் ரஞ்சி இறந்தார். மறுவருஷம் தேசியப் போட்டி ஒன்று தொடங்கப் பேச்சு வந்தபோது, அவர் பெயரில் தங்கக் கோப்பை தருகிறேன் என்று முன்வந்தவர் அதே பூபிந்தர் சிங்.

அந்தப் போட்டித் தொடரின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ல் நம்ம சேப்பாக்கத்தில் நடந்தது. மெட்ராஸ் எதிர் மைசூர். ராம் சிங் 11 விக்கெட் சாய்க்க, மெட்ராஸ் இன்னிங்ஸ் வெற்றி. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது.