நிறுவனத்துக்கு மனம் உண்டா?

புது தில்லி: பங்குச் சந்தை மோசடி வழக்கில் சிறைத் தண்டனை பெற்றுத்தர, ஏமாற்றும் எண்ணம் இருந்ததை ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டும். ஆனால், சட்டத்தால் பிறந்த நிறுவனத்துக்கு மனம் ஏது?

முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக மோட்டோரோலா மீது தொடரப்பட்ட வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. நிறுவனத்தை இயக்குவோரின் எண்ணமே அதன் எண்ணம் என்று கூறி, வழக்கு தொடர வழிவிட்டது. அதே வேளையில், நிறுவனத்தின் குற்றத்தை அப்படியே இயக்குநர் மீது சுமத்த முடியாது. அவரது பங்குக்கு ஆதாரம் வேண்டும் என 2015-ல் சுனில் பார்தி மித்தல் வழக்கில் வரையறுத்தது.

சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7-ல் கணக்கு மோசடியைத் தாமே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அப்போதும் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2015 ஏப்ரல் ஆயிற்று. மோசடி செய்வோர் எல்லாரும் கடிதம் எழுதுவதில்லை.

'செபி'க்கு இச்சுமை குறைவு. அபராதம் விதிக்கக் குற்ற எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என 2006-லும், சூழ்நிலைகளிலிருந்தே முறைகேட்டை ஊகிக்கலாம் என 2016-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அந்த அபராதம் சேர்வது இந்தியத் தொகுப்பு நிதியில். சேமிப்பை இழந்த சிறு முதலீட்டாளரின் கையில் அல்ல.