இயந்திரக் கையின் மணிக்கட்டு

நுழையும்முன்

தெருவோரத்தில் பள்ளம் தோண்டும் இயந்திரத்தைச் சற்றேனும் நின்று பாராதவர் இலர். அதன் நீண்ட கையும், நுனியில் பற்களோடு திகழும் வாளியும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. ஆனால், கைக்கும் வாளிக்கும் இடையே உள்ள இணைப்பை எவரும் கூர்ந்து நோக்குவதில்லை. மண் அள்ளும் பொறி பல தொழில் செய்யும் பொறியாக வளர்ந்தது அவ்விணைப்பினால்தான். அதனருகே பணிபுரிவோரின் உயிர் காக்கப்படுவதும் அவ்விணைப்பினால்தான். அதன் அமைப்பையும் இயக்கத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

கை ஒன்று, கருவி பல

பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கும் ஒரு தெருவை எண்ணிப் பார்ப்போம். முதலில் சாலையின் கெட்டியான மேற்பரப்பை உடைத்தல் வேண்டும். பின்னர்க் குறுகிய, ஆழமான பள்ளம் வெட்டுதல் வேண்டும். இடையில் பாறை தட்டுப்பட்டால் அதனைப் பிளத்தல் வேண்டும். குழாயை இறக்கிய பிறகு மண்ணைத் தள்ளி மூடி, அம்மண்ணை இறுக்குதல் வேண்டும். கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி, உளி, கூடை, திமிசுக்கட்டை ஆகியவற்றைக் கொண்டு பலர் கூடிப் பலநாள் செய்துவந்த வேலை இது.

இன்று இவ்வேலைகளில் பெரும்பகுதியை ஒரே அகழ்பொறி செய்து முடிக்கிறது. மனிதன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுப்பதுபோல, இயந்திரமும் ஒரு கருவியை விட்டு மற்றொன்றை ஏந்துகிறது. இத்தகைய கருவிகளை இணைகருவிகள் என்பர். டன் கணக்கில் எடையுள்ள இணைகருவியை இயந்திரக் கை எவ்வாறு பற்றுகிறது? பற்றியதை நழுவவிடாமல் எவ்வாறு காக்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை அதன் மணிக்கட்டில் இருக்கிறது.

பெயர் வந்த வழி

அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ஓட்டிஸ், நீராவியால் இயங்கும் அகழ்பொறிக்கு 1839ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1904 முதல் 1914 வரை அமெரிக்கர் பனாமா கால்வாயை வெட்டியபோது இத்தகைய நீராவிப் பொறிகள் பெரும்பங்கு ஆற்றின. அவை இரும்பு வடங்களாலும் சங்கிலிகளாலும் இழுக்கப்பட்டு இயங்கின. வடத்தால் இயங்கும் பொறியை வேறொரு பணிக்கு மாற்ற வேண்டுமாயின், அதன் முன்பகுதியையே கழற்றி வேறொன்றைப் பொருத்த நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் நீரியல் அகழ்பொறிகள் தோன்றின. பிரான்சு நாட்டின் பொக்லைன் நிறுவனம் 1951ஆம் ஆண்டில் அத்தகைய பொறி ஒன்றை உருவாக்கியது. இந்தியாவில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தின் வழியாகப் பொக்லைன் வகைப் பொறிகள் பரவின. நிறுவனத்தின் பெயரே பொறியின் பெயராகிவிட, தமிழ்நாட்டு மக்கள் பேச்சிலும் நாளிதழ்களிலும் ‘பொக்லைன்’ என்னும் சொல் நிலைபெற்றது. அதேபோல வழங்கும் ‘ஜேசிபி’ என்பது, இங்கிலாந்தில் 1945ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பாரின் பெயர்ச் சுருக்கமாகும்.

தோள் முதல் மணிக்கட்டு வரை

அகழ்பொறியின் கையை மனிதக் கையோடு ஒப்பிட்டு அறிதல் எளிது. உடலோடு சேர்ந்துள்ள முதற்பகுதி மேற்கை. பணியிடத்தில் இதனைப் ‘பூம்’ என்பர். அதனோடு மூட்டிய இரண்டாம் பகுதி முன்கை. இது ‘ஆர்ம்’ எனப்படும். முன்கையின் நுனியில் வாளி பொருத்தப்படுகிறது. அவ்விடமே மணிக்கட்டு.

தசைகளின் பணியை நீரியல் உருளைகள் செய்கின்றன. மூடிய கலத்தினுள் உள்ள நீர்மத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. இருபது டன் வகுப்பைச் சேர்ந்த அகழ்பொறியில் எண்ணெயின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 350 மடங்கு வரை உயர்கிறது. 12 செ.மீ. உள்விட்டம் கொண்ட உருளையில் இவ்வழுத்தம் செயற்படும்போது, அதன் உந்துதண்டு ஏறத்தாழ 40 டன் எடைக்கு ஈடான விசையுடன் தள்ளும். ஓட்டுநர் விரல்களால் அசைக்கும் சிறு நெம்புகோல் பாறையைப் புரட்டுவதன் காரணம் இதுவே.

இணைகருவிகள்

இணைகருவிகளுள் முதன்மையானது வாளி. வாளியிலும் வகைகள் உண்டு. பொதுவான மண்ணுக்குப் பற்களுடைய வாளியும், கற்கள் நிறைந்த நிலத்திற்குத் தடித்த எஃகால் ஆன பாறை வாளியும் பயன்படுகின்றன. வாய்க்காலைத் தூர்வாரவும் சரிவைச் சீர்செய்யவும் பற்களில்லாத அகன்ற வாளி ஏற்றது. குழாய்ப் பள்ளத்திற்கோ குறுகிய வாளி வேண்டும். அகன்ற வாளியால் பள்ளம் வெட்டினால் தேவைக்கு மேல் மண் எடுக்கப்படும். அம்மண்ணை மீண்டும் நிரப்பும் செலவும் கூடும்.

பாறையையும் கற்காரையையும் உடைப்பது ‘பிரேக்கர்’ எனப்படும் உடைப்பான். இதனுள் எண்ணெய் அழுத்தத்தால் மேலும் கீழும் பாயும் உந்துதண்டு, தடித்த உளியின் தலையில் நிமிடத்திற்குச் சில நூறு முறை மோதுகிறது. மரக்கட்டைகளையும் பழைய இரும்பையும் பற்றித் தூக்குவது பற்றுகருவி. கம்பம் நடக் குழி துளைப்பது திருகு துளைப்பான். இடிக்கப்பட்ட கட்டடத்தின் கற்காரையை நொறுக்கிக் கம்பியைப் பிரித்தெடுப்பது நொறுக்குத்தாடை. நிரப்பிய மண்ணை அதிர்த்து இறுக்குவது அதிர்தட்டு.

வாளியை இயக்க, கையில் உள்ள உருளையே போதும். பிற கருவிகள் பலவற்றிற்குத் தனியே எண்ணெய்க் குழாய் வேண்டும். உடைப்பானுக்கு எண்ணெய் ஒரு வழியே சென்று திரும்பினால் போதும். பற்றுகருவி திறக்கவும் மூடவும் வேண்டுவதால், எண்ணெய் இருதிசையிலும் மாறி மாறிப் பாய்தல் வேண்டும். ஆகவே, கருவியை வாங்குமுன் பொறியின் எடை, எண்ணெய் பாயும் அளவு, அழுத்தம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

இரண்டு ஆணிகள்

வாளி முன்கையோடு இரண்டு எஃகு ஆணிகளால் இணைக்கப்படுகிறது. முதல் ஆணி, வாளி சுழல்வதற்கு அச்சாக அமைகிறது. இரண்டாம் ஆணி, உருளையின் விசையை இணைப்புத்தண்டு வழியாக வாளிக்குக் கொண்டுசெல்கிறது. இருபது டன் பொறியில் இவ்வாணிகள் ஏறத்தாழ 8 செ.மீ. விட்டம் உடையவை.

விரைவு இணைப்பி இல்லாத பொறியில் கருவியை மாற்ற, இவ்விரு ஆணிகளையும் கழற்றியாக வேண்டும். மண்ணும் துருவும் பிடித்த ஆணியைச் சம்மட்டியால் அடித்து வெளியேற்றுவர். புதிய கருவியைக் கொணர்ந்து, துளையோடு துளை நேர்படும்வரை ஓட்டுநர் கையைச் சிறிது சிறிதாக அசைப்பார். உதவியாளர் அருகில் நின்று வழிகாட்டுவார். துளைகள் நேர்பட்டனவா என விரலை விட்டுப் பார்த்து விரலை இழந்தவர் உண்டு. அடிபட்ட ஆணியிலிருந்து தெறிக்கும் எஃகுச் சில்லு கண்ணைக் கெடுப்பதும் உண்டு. இவ்வளவு இடர்ப்பாட்டிற்கு அஞ்சி, பொருந்தாத கருவியைக் கொண்டே வேலையை ஒப்பேற்றும் வழக்கமும் ஏற்பட்டது. வாளிப் பற்களால் பாறையைக் குத்துவதும், உடைப்பானின் உளியால் கல்லை நெம்புவதும் அத்தகையவை. அதனால் கருவி விரைவில் பழுதடையும்.

விரைவு இணைப்பி

இவ்விடர்ப்பாட்டை நீக்க வந்ததே விரைவு இணைப்பி. தொழிலாளர் இதனைக் ‘குயிக் கப்ளர்’ என்பர். இது முன்கையின் நுனியில் நிலையாகப் பொருத்தப்படுகிறது. ஒவ்வொரு கருவியும் தன் இரு ஆணிகளைத் தன்னிடமே கொண்டிருக்கும். இணைப்பியின் முன்புறத்தில் திறந்த வாயுடைய நிலைக்கொக்கி ஒன்று உள்ளது. பின்புறத்தில் நகரும் தாடை அல்லது ஆப்பு உள்ளது. ஓட்டுநர் நிலைக்கொக்கியால் கருவியின் முன்னாணியைக் கவ்வுகிறார். பின்னர் இணைப்பியை உட்புறமாக மடக்கினால் பின்னாணி உரிய இடத்தில் வந்து அமரும். தாடை நகர்ந்து அதனைப் பூட்டும். வாளியை மாற்றும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பூட்டும் முறையைக் கொண்டு இணைப்பிகளை மூவகைப்படுத்தலாம். முதல்வகையில் தாடையைத் திருகியோ நெம்பியோ கையால் பூட்ட வேண்டும். இரண்டாம் வகையில் தாடை எண்ணெய் அழுத்தத்தால் நகரும். ஆனால், காப்பாணி ஒன்றை ஒருவர் கையால் செருக வேண்டும். மூன்றாம் வகையில் தாடையும் காப்புப் பூட்டும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கப்படுகின்றன. எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் தாடை தளராதிருக்க, எண்ணெயைத் திரும்பவிடாத ஒருவழி அடைப்பிதழும் பொருத்தப்படுவதுண்டு.

இணைப்பியால் சிறு இழப்பும் உண்டு. அதன் எடை கையின் நுனியில் கூடுவதால், பொறி தூக்கக்கூடிய சுமை குறைகிறது. வாளி முன்கையிலிருந்து சற்று விலகி அமைவதால், பற்களின் நுனியில் கிடைக்கும் தோண்டுவிசையும் குறைகிறது. ஒரே வாளியைக் கொண்டு நாள் முழுதும் மண் அள்ளும் பணிக்கு இணைப்பி தேவையில்லை. ஒரே நாளில் பலமுறை கருவி மாறும் பணிக்கே அது பயன்தரும்.

தெரிந்து தெளிவோம்

1980களில் சுவீடன் நாட்டில் சாய்சுழலி என்னும் இணைப்பு உருவாக்கப்பட்டது. இதனைப் பொருத்தினால் வாளி இருபுறமும் சாய்வதோடு முழுவட்டமாகவும் சுழலும். பொறியை நகர்த்தாமலே குழாயைச் சுற்றிலும் மண் எடுக்க இது உதவுகிறது. மனித மணிக்கட்டின் அசைவை மிகவும் நெருங்கி வந்த அமைப்பு இதுவே எனலாம்.

பூட்டியதுபோல் தோன்றும் பூட்டு

விரைவு இணைப்பியின் எளிமையே அதன் இடராகவும் அமைகிறது. ஆணியைச் சம்மட்டியால் அடித்து ஏற்றிய காலத்தில், அது ஏறியதா இல்லையா என்பது அடித்தவருக்குத் தெரியும். இருக்கையில் அமர்ந்து பொத்தானை அழுத்துபவருக்கு அது தெரிவதில்லை.

முன்னாணி கொக்கியில் அமர்ந்துவிட்டது. பின்னாணியோ தாடைக்குள் முழுமையாக வரவில்லை என்று கொள்வோம். தாடை வெறுமனே நீண்டு நின்றுவிடும். வாளியை உட்புறமாக மடக்கி வைத்திருக்கும்வரை, அதன் எடையே அதனைத் தாங்கி நிற்கச் செய்யும். பார்ப்பவருக்குப் பூட்டியதாகவே தோன்றும். ஓட்டுநர் வாளியை வெளிப்புறமாக விரிக்கும் கணத்தில் பின்பகுதி விலகி, வாளி ஊசலாடிக் கழன்று விழும். தாடையில் இறுகிய மண், தேய்ந்த ஆணி, வேறு பொறிக்குரிய வாளி, செருகாமல் விட்ட காப்பாணி ஆகியனவும் இதே முடிவைத் தரும்.

இருபது டன் பொறியின் வெறும் வாளியே முக்கால் டன் அளவிற்கு எடையுடையது. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 0.8 நொடி ஆகும். குழாயைப் பொருத்தக் குனிந்திருக்கும் தொழிலாளி நிமிர்ந்து பார்க்கவும் அந்நேரம் போதாது; குறுகிய பள்ளத்தில் விலகி நிற்க இடமும் இராது. பல நாடுகளில் இவ்வகை விபத்துகள் உயிர்களைப் பறித்துள்ளன. அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டுள்ளன. விரைவு இணைப்பிகளின் பாதுகாப்பிற்கென்றே ஐஎஸ்ஓ 13031 என்னும் பன்னாட்டுத் தரநிலை 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

சரிபார்க்கும் முறை

கருவியை மாற்றும்போது பின்பற்ற வேண்டிய முறை நீண்டதன்று. முதலில், கை சுழலும் எல்லைக்குள் எவரும் இல்லாதவாறு விலக்க வேண்டும். கருவியைச் சமதரையில் வைத்து, தாடையிலும் ஆணிகளிலும் படிந்த மண்ணை அகற்ற வேண்டும். பூட்டிய பிறகு கருவியைத் தரையில் ஊன்றி, இயந்திரத்தை நிறுத்தி, இறங்கிச் சென்று இரு ஆணிகளையும் கண்ணால் காண வேண்டும். காப்பாணி உள்ள வகையாயின் அதனை அப்போதே செருகிவிட வேண்டும்.

அதன்பின் ஆய்வு ஒன்று செய்தல் வேண்டும். வாளியைத் தரைக்கு மிக அருகில் வைத்து, அதன் பற்களை நிலத்தில் அழுத்தி, உள்ளும் வெளியுமாக மடக்கி விரித்துப் பார்க்க வேண்டும். பூட்டு விழவில்லையாயின் அது அங்கேயே வெளிப்பட்டுவிடும். விழுவதாயினும் ஒரு சாண் உயரத்திலிருந்தே விழும். எல்லாம் செம்மையாக இருப்பினும், தொங்கும் கருவியை எவர் தலைக்கு மேலும் கொண்டுசெல்லலாகாது. இவை அனைத்திற்கும் ஆகும் நேரம் சில நிமிடங்களே.

உருவத்தால் சிறிதென்று எதனையும் இகழலாகாது என்பதற்கு, உருண்டோடும் பெருந்தேரின் அச்சாணியை வள்ளுவர் உவமையாக்கினார். அகழ்பொறியின் காப்பாணியும் அத்தகையதே. அது சட்டைப்பையில் வைத்து மறக்கத்தக்க அளவே உடையது. ஆயினும் பள்ளத்தினுள் நிற்பவர் அதனைத் தாமே பார்க்க இயலாது. மேலே அமர்ந்திருப்பவர் இறங்கிவந்து பார்த்திருப்பார் என்னும் நம்பிக்கையில்தான் அவர் குனிந்து வேலை செய்கிறார். அந்நம்பிக்கையைப் பொய்யாக்காதிருப்பது பொறியை இயக்குவோரின் முதற்கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நடைபெறும் கட்டுமானப் பணியைப் பாதுகாப்பான தொலைவில் நின்று பார்த்து, அங்குப் பயன்படும் இணைகருவிகளைப் பட்டியலிடுக.

2. மண்வெட்டி, கடப்பாரை, திமிசுக்கட்டை ஆகியவற்றின் பணியைச் செய்யும் இணைகருவிகள் எவை என ஒப்பிட்டு எழுதுக.

3. ‘பொக்லைன்’ என்பதுபோல நிறுவனப் பெயரே பொருளின் பெயராக வழங்கும் சொற்களைத் திரட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. அகழ்பொறி ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் பயன்படும் வகையில், கருவி மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறைகளைச் சுவரொட்டியாக எழுதிக் காட்சிப்படுத்துக.